சென்னைக்குக் கீழே: தாய்ப்பாறையும் உருண்டைக் கல்லும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "உங்க பேட்ச் ஞாபகம் ஏதாவது எழுதுங்க சார்" என்றுதான் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பார், கட் அடித்துப் பார்த்த மார்னிங் ஷோ, சர்வே கேம்ப்பில் தியோடலைட்டைக் குளத்தில் போட்ட கதை, இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். இந்த மலரிலேயே எழுதியும் இருப்பார்கள். நான் எழுத நினைத்தது வேறு. நாற்பத்தைந்து வருஷத்துக்கும் முன்னால் ஒரு போர்ஹோல் ரிப்போர்ட்டில் நான் எழுதிய ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியது. அந்த வார்த்தை 'அடிப்பாறை'. அது தப்பு.

அந்தத் தப்பின் முழு அர்த்தம் எனக்கே விளங்கியது ரொம்பப் பிற்பாடுதான். சென்னை நகரத்துக்கு அடியில் மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்க இயந்திரங்கள் இறங்கி, சில இடங்களில் விறுவிறுவென்றும் சில இடங்களில் திணறித் திணறியும் போனதைப் பார்த்தபோது. மெட்ரோவில் நான் வேலை பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2012-ல் நேரு பூங்காவில் இயந்திரம் இறங்கியபோது நான் ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருந்தேன். ஆனால், இந்த ஊர் மண்ணில் துளை போட்டே காலம் கழித்தவன், காலுக்குக் கீழே இவ்வளவு பெரிய துளை போகும்போது எப்படிச் சும்மா இருக்க முடியும்?

கல்லுக்குப் பெயர் வந்த கதை

மூன்றாம் வருஷம் படித்த ஜியாலஜி பேப்பர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? சிவில் பசங்களுக்கு அது எப்படியாவது பாஸ் பண்ணவேண்டிய பேப்பர், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை ஜியாலஜி சார் எங்களைப் பல்லாவரத்துக் கல்குவாரிக்கு அழைத்துப்போனார். ஆளுக்கொரு சுத்தியல். பாறையில் அடித்தால் கோயில் மணி மாதிரி 'ணங்' என்று சத்தம். கை விண்ணென்று தெறித்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் தடவினாற்போல ஒரு கருநீலப் பளபளப்பு. "இதுதான்டா உங்க வீட்டுத் தளத்துல கிடக்கிற ஜல்லி. உலகத்து ஜியாலஜி புஸ்தகத்துல எல்லாம் இதுக்கு ஒரு பேர் இருக்கு. அந்தப் பேர் இங்கேருந்துதான் போச்சு" என்றார். அன்றைக்கு எங்கள் கவலையெல்லாம் மத்தியான பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்பதுதான்.

சார் சொன்னது நிஜம். கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜண்டின் கல்லறை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறந்தவர். (அந்த நகரத்தை நிறுவியவர் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அப்படிச் சொல்லக்கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது.) இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். சென்னைப் பக்கம் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கிற அதே கல். சார்னாக்கின் பெயராலேயே 1893-ல் அதற்குச் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். இன்று அண்டார்க்டிகாவில் கிடைத்தாலும் அதே பெயர்தான். பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள். அதே பல்லாவரத்துச் சரளையில்தான் 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். ஒரே ஊருக்கு இரண்டு பெருமை. ஆனால் அங்கே போய்க் கேட்டால் லெதர் கம்பெனிக்குத்தான் வழி சொல்வார்கள்.

இந்தச் சார்னோகைட் ஏறக்குறைய 250 கோடி வருஷத்துப் பழசு. பூமிக்குள்ளே இருபது கிலோமீட்டருக்கும் கீழே, தண்ணீர்ச் சத்து வற்றிப்போகிற சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய கல். புதுசாக, அழுகாமல் இருக்கிற துண்டை நசுக்கிப் பார்த்தால் 100 மெகாபாஸ்கலைச் சாதாரணமாகத் தாண்டும். நாம் வீட்டுக்குப் போடும் கான்கிரீட் 20, 25-தான் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கொல்கத்தாவின் கதை வேடிக்கையானது. அந்த நகரத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு வண்டல்தான். கல் என்பதே கிடையாது. கல்லே இல்லாத ஊருக்கு நாம் கல் அனுப்பியிருக்கிறோம். கல் இல்லையென்றால் சுரங்கம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019 ஆகஸ்ட் 31-ல் அங்கே பவ்பஜார் பகுதியில் சுரங்க இயந்திரம் நீர்த்தாங்கி மணலில் மாட்டி, தண்ணீர் பொங்கி, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டு இடிந்தன. ஆக, மண்ணுக்கென்று தனி ஆபத்து உண்டு. கல்லுக்கென்று தனிக் கஷ்டம் உண்டு. சென்னைக்கு வாய்த்தது இரண்டும் கலந்த மூன்றாவது வகை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஊருக்கு அடியில்

சென்னை வரைபடத்தை மேஜையில் விரித்துவையுங்கள். தென்மேற்கு மூலையில் திரிசூலம், பல்லாவரம், பரங்கிமலை. அங்கே பாறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே நிற்கிறது. வடகிழக்கே வந்தால் கிண்டியில் தலையை மண்ணுக்குள் இழுத்துக்கொள்கிறது. சின்னமலையில் ஒருமுறை எட்டிப்பார்க்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டியதும் உள்ளே போய்விடுகிறது. அதற்கப்புறம் வடக்கேயும் கிழக்கேயும் போகப்போகப் பொதுவாக ஆழம்தான். மேலே கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும், கடலோரத்தில் கிளிஞ்சல் கலந்த மணல். பரங்கிமலை, சின்னமலை என்ற ஊர்ப் பெயர்களே பாதி ஜியாலஜி சொல்லிவிடுகின்றன. மீதிப் பாதியைத்தான் துளை போட்டுப் பார்க்கவேண்டும்.

துளை போட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது? பாறையின் தலை சமமாக இல்லை. பரங்கிமலையும் சின்னமலையும் மேலே தெரிகிற மேடுகள். மண் மூடிப்போன மேடு பள்ளங்கள் இன்னும் எத்தனையோ. அதைவிட முக்கியம், கல்லும் மண்ணும் சந்திக்கிற இடத்தில் கோடு போட்டாற்போல ஒன்றும் இல்லை. நடுவிலே பல மீட்டர் கனத்துக்கு 'மக்கிய பாறை' என்று ஒன்று இருக்கிறது.

இது எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் தப்பு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சார்னோகைட்டில் மூன்று திசையில் வெடிப்புகள் ஓடும். பெட்டி பெட்டியாக வெட்டி அடுக்கியது மாதிரி இருக்கும். வெடிப்புக்குள்ளே மழைத் தண்ணீர் இறங்குகிறது. ஒரு பெட்டியின் பக்கத்தை ஒரு திசையிலிருந்து தண்ணீர் அரிக்கிறது; விளிம்பை இரண்டு திசையிலிருந்து; மூலையை மூன்று திசையிலிருந்து. அதனால் மூலைகள் முதலில் அழுகுகின்றன. லட்சக்கணக்கான வருஷம் இப்படியே போனால் பெட்டி உருண்டையாகிவிடும். வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரிந்து, உரிந்த தோலெல்லாம் கையால் பிசைந்தால் உதிர்கிற மண்ணாகி, நடுவிலே மட்டும் அழுகாத கல் உருண்டை நிற்கும். தேங்காய் அளவில் ஒன்று, அம்பாசடர் கார் அளவில் ஒன்று, ஒரு சின்ன வீட்டு அளவில் ஒன்று. எல்லாம் அந்தரத்தில், மக்கிய மண்ணுக்குள் பதிந்து கிடக்கும். பல்லாவரம் குவாரியில் வெட்டு முகத்தில் இது படம் போட்ட மாதிரித் தெரிந்தது. சார் அதையும் காட்டினார். நான் பிரியாணிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கதைக்கு வருகிறேன். 1979. படிப்பு முடித்து ஒரு வருஷம். மண் பரிசோதனை செய்யும் ஒரு நிறுவனத்தில் சைட் இன்ஜினீயர். கிண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்துக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தோம். முக்காலி கட்டி, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிற வேலை. பதினொரு மீட்டர் வரை சாதாரணமாகப் போனது. அப்புறம் நூறு அடி அடித்தும் இறங்கவில்லை. வைரம் பதித்த முனையை மாட்டி ஒன்றரை மீட்டர் உறை எடுத்தோம். அருமையான கல். உடையாமல் முழுசாக, கருநீலமாக வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நாள் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் பஸ் ஏறவேண்டும்.

போர் மேஸ்திரி மட்டும் குழாயில் கை வைத்தபடியே நின்றார். "சார், இன்னும் மூணு மீட்டர் ஓட்டிப் பாத்துரலாம். சத்தம் அடைப்பா வருது. தாய்ப்பாறைன்னா இப்படி வராது. இது உருண்டைக் கல்லு மாதிரி படுது."

"இவ்ளோ நல்ல கோர் வந்திருக்கே மேஸ்திரி, அப்புறம் என்ன சந்தேகம்?"

"கல்லு நல்ல கல்லுதான் சார். கீழ என்ன இருக்குன்னுதான் கேக்கறேன்."

நான் கேட்கவில்லை. '11 மீட்டர் முதல் அடிப்பாறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அஸ்திவாரத் தூண் இறக்கியபோது, அந்தத் துளையிலிருந்து நாலு மீட்டர் தள்ளிப் பாறையே வரவில்லை. பதினெட்டு மீட்டரில்தான் வந்தது. திரும்பத் துளை போட்டார்கள். என் 'அடிப்பாறை' இரண்டு மீட்டர் கனமுள்ள உருண்டை. அதற்குக் கீழே கையால் அள்ளுகிற மண். டிசைனை மாற்றினார்கள், வேலை இரண்டு மாதம் நின்றது, மேனேஜர் என்னை அழைத்து, கத்தக்கூட இல்லை, ரிப்போர்ட்டை மேஜையில் தள்ளிவிட்டு "படி" என்றார். மேஸ்திரி அதற்கப்புறமும் என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளை, கட்டடம் எழும்புவதற்கு முன்னால் தெரிந்தது.

நிற்க. கட்டடத்துக்கு இதுதான் நிலைமை என்றால், இந்த மக்கிய பாறைக்குள்ளேயே கிலோமீட்டர் கணக்கில் படுக்கைவாட்டில் போகவேண்டிய இயந்திரத்தின் பாடு என்ன?

இரண்டு வம்சம், ஒரு இயந்திரம்

சுரங்க இயந்திரத்தின் தாத்தா லண்டனில் பிறந்தவர். தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் ராதர்ஹித்திலிருந்து வாப்பிங்குக்கு மார்க் புரூனல் 1825-ல் ஒரு சுரங்கம் ஆரம்பித்தார். இரும்புக் கவசச் சட்டத்துக்குள் ஆட்கள் நின்று, முன்னால் இருக்கிற பலகையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டுவார்கள். பிறகு சட்டத்தை முன்னால் தள்ளுவார்கள். ஆற்றுக்கு அடியில் நல்ல களிமண் அடுக்கு ஒன்று தொடர்ந்து இருக்கிறது என்று முன்கூட்டித் துளை போட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் களிமண் தொடர்ச்சியாக இல்லை. 1827-ல் ஆறு உள்ளே வந்தது. 1828 ஜனவரியில் மறுபடியும் வந்து ஆறு பேர் செத்தார்கள். 400 மீட்டருக்கும் குறைவான சுரங்கம், 1843-ல்தான் திறந்தார்கள். பதினெட்டு வருஷம்! துளை போட்டவனின் வார்த்தையை நம்பி ஏமாந்த முதல் நகரச் சுரங்கம் என்று நான் இதைச் சொல்வேன்.

லண்டனுக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. ஆற்றுக்கு வடக்கே கனமான 'லண்டன் களிமண்' இருக்கிறது. தண்ணீர் விடாது, வெட்டினால் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், வெட்டவும் சுலபம். 1890-லிருந்து அங்கே குழாய் ரயில் வலையாகப் பரவியதற்கு அந்த மண் ஒரு பெரிய காரணம். தெற்கே நீர் ஊறும் மணலும் சரளையும்; அந்தப் பக்கம் குழாய் ரயில் குறைவு. (போட்டி ரயில் கம்பெனிகளின் அரசியலும் அதில் உண்டு, மண்ணை மட்டும் சொல்லக்கூடாது.)

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தாத்தாவின் வம்சம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கல்லுக்காக வளர்ந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராபின்ஸ் 1950-களில் முழு முகத்தையும் சுற்றி வெட்டுகிற இயந்திரம் செய்தார். 1956-ல் கனடாவில் டொரண்டோவின் ஹம்பர் ஆற்றுச் சாக்கடைச் சுரங்கத்தில், பல்லை எல்லாம் எடுத்துவிட்டு, உருளும் இரும்புத் தட்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். பிரமாதமாக வேலை செய்தது. இன்றைக்கும் பாறையை வெட்டுவது இந்தத் தட்டுதான். சும்மா சொல்லக்கூடாது, அழகான யோசனை. 17 அங்குலத் தட்டு ஒன்றின் மேல் 25 டன் அளவுக்கு அழுத்தம் கொடுத்து உருட்டினால், அடுத்தடுத்த இரண்டு தட்டுகளின் தடத்துக்கு நடுவில் உள்ள கல் விரிசல் விட்டுச் சில்லு சில்லாகப் பெயர்ந்துவரும். கல்லை அரைப்பதில்லை, பெயர்க்கிறது.

இன்னொரு வம்சம் சேற்றுக்காக வளர்ந்தது. முன்னால் இருக்கிற மண்ணும் தண்ணீரும் சரிந்து உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இங்கிலாந்தில் ஜான் பார்ட்லெட் 1964-ல் பெண்டோனைட் குழம்பை வைத்து முகத்தைத் தாங்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஜப்பானியர்கள் 1974-ல் வேறு வழி பிடித்தார்கள். வெட்டிய மண்ணையே தலைக்குப் பின்னால் உள்ள அறையில் அடைத்துவைத்து, அந்த அழுத்தத்தாலேயே முன்னால் உள்ள மண்ணைத் தாங்குவது. மாவு மில்லில் இருக்கிற மாதிரி ஒரு திருகாணிக் குழாய் வழியாக மண் அளவாக வெளியே வரும். எவ்வளவு தூரம் முன்னேறுகிறோமோ அவ்வளவு மண்தான் வெளியே வரவேண்டும். இந்த ஒரு கணக்குத்தான் அதன் உயிர்.

கல் இயந்திரத்துக்கு முன்னால் உள்ள பாறை தானே நிற்கும் என்ற நம்பிக்கை. மண் இயந்திரத்துக்கு முன்னால் உள்ள மண் வெட்ட மிருதுவாக இருக்கும் என்ற நம்பிக்கை. சென்னை மாதிரி ஊரில் இரண்டு நம்பிக்கையும் ஒரே நேரத்தில் பொய்யாகும். அதனால் மண் இயந்திரத்தின் தலையில் கல் இயந்திரத்தின் தட்டுகளை மாட்டி அனுப்புகிறார்கள். சமரசம்தான், வேறு வழியில்லை.

இப்போது அந்தத் தலை, கீழ்ப்பாதி கல்லும் மேல்பாதி மணலுமாக இருக்கிற ஒரு முகத்தைச் சந்திக்கிறது என்று வையுங்கள். தலையின் குறுக்களவு சுமார் ஆறரை மீட்டர். ஓரத்தில் இருக்கிற தட்டு ஒரு சுற்றுக்கு இருபது மீட்டர் ஓடுகிறது. பத்து மீட்டர் மணலில் சும்மா வந்து, திடீரென்று கல் விளிம்பில் 'மடார்' என்று மோதுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி. தட்டு சில்லுப் போகிறது, பேரிங் உடைகிறது. மணலில் வரும்போது உருள்வதற்குப் போதுமான பிடிப்பு இல்லாமல் தட்டு சில சமயம் சுற்றாமலே நின்று, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சப்பையாகிவிடுகிறது. அப்புறம் அது வெட்டாது, தேய்க்கும்.

இது இயந்திரத்தின் கஷ்டம். மேலே சாலையில் போகிற நமக்கு வருகிற ஆபத்து வேறு. கீழே கல் இருப்பதால் இயந்திரம் மெதுவாகத்தான் நகரும். ஆனால் தலை சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே உள்ள மணல் கல்லுக்காகக் காத்திருக்குமா? சரிந்து சரிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஒன்றரை மீட்டர் வளையம் ஒன்று முன்னேறினால் சுமார் 50 கன மீட்டர் தரை வெளியே வரவேண்டும். மணல் கூடுதலாக வந்துவிட்டால் மேலே அந்த அளவுக்கு ஒரு பொந்து. அந்தப் பொந்து அன்றைக்கே சாலைக்கு வந்து சேராது. மெதுவாக, கூரை உதிர்ந்து உதிர்ந்து மேலே ஏறும். இயந்திரம் நூறு மீட்டர் தாண்டிப் போயிருக்கும். எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள்.

போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ நகரத்தில் இதுதான் நடந்தது. அந்த ஊர்க் கல் கிரானைட். ஆனால் நம்முடையது மாதிரியே மக்கியது, உருண்டைகள் பதிந்தது. நல்ல கல் என்று தெரிந்த இடங்களில், முகத்துக்கு முழு அழுத்தம் கொடுக்காமல் இயந்திரத்தை ஓட்டினார்கள். நல்ல கல்லுக்குப் பக்கத்திலேயே மக்கிய மண் இருந்தது. 2001 ஜனவரியில், சுரங்கம் தாண்டிப்போய் ஏறக்குறைய ஒரு மாதம் ஆனபிறகு, மேலே இருந்த ஒரு வீடு இடிந்து உள்ளே இருந்தவர் இறந்துபோனார். அதைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு என் கையெழுத்துத்தான் ஞாபகம் வந்தது. நல்ல கல் தெரிந்தால், கீழேயும் பக்கத்திலேயும் நல்ல கல்தான் என்று முடிவு கட்டுகிற அதே புத்தி. நான் தப்பித்தேன், அவ்வளவுதான்.

அண்ணாசாலையின் கதை

சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தை, எந்தப் பகுதி எப்போது திறந்தது என்ற தேதிகளை வைத்தே படிக்கலாம். 2015 ஜூன் 29: கோயம்பேடு முதல் ஆலந்தூர், மேம்பாலப் பாதை. 2017 மே 14: திருமங்கலம் முதல் நேரு பூங்கா, முதல் சுரங்கப் பாதை. 2018 மே 25: நேரு பூங்காவிலிருந்து சென்ட்ரல், சின்னமலையிலிருந்து ஏ.ஜி.-டி.எம்.எஸ். கடைசியாக 2019 பிப்ரவரி 10: ஏ.ஜி.-டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை. அண்ணாசாலைக்கு அடியில் இருந்த பகுதிகள்தான் பின்னால் தங்கின.

காரணம் முழுக்கப் பாறைதான் என்று சொன்னால் அது பொய். 2015-ல் ஒப்பந்ததாரர் ஒருவர் விலகினார். இயந்திரங்கள் சாலைக்கு அடியில் அப்படியே நின்றன. புது டெண்டர், புது ஆட்கள். பணம், காகிதம், போக்குவரத்து எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் தடத்தின் தரையும் உதவி செய்யவில்லை. சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை என்று வடக்கே வரும்போது, ஒரே நீளத்தில் கல், மக்கிய கல், மணல் என்று மாறி மாறி வந்தது. ஓட்டுகிறவர் ஒரு முகத்துக்குக் கையைப் பழக்குவதற்குள் அடுத்த முகம் வந்துவிடும். 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சர்ச் பார்க் பள்ளி அருகே, சுரங்க வேலை நடந்துகொண்டிருந்த தடத்தின் மேல் சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தளர்ந்த மண் என்று காரணம் சொன்னார்கள். உயிர்ச்சேதம் இல்லை. டி.வி.யில் எல்லாரும் பஸ்ஸைப் பார்த்தார்கள். நான் பள்ளத்தின் சுவரைப் பார்த்தேன். மணல்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம், உடைந்த தட்டை மாற்றுகிறவர்கள். முழுப் பாறைக்குள் இயந்திரம் நின்றால் பரவாயில்லை. கதவைத் திறந்து முன்னால் போய் மாற்றலாம், பாறை நிற்கும். முழு மணலாக இருந்தால் பெண்டோனைட்டைப் பூசி, காற்றை அழுத்தி, மணலைத் தாங்கச் செய்து, அந்த அழுத்தக் காற்றுக்குள் ஆள் போவார்கள். பாதிக்குப் பாதி என்றால் காற்று கல்லின் வெடிப்பு வழியாக ஓடிவிடும். சில சமயம் சாலையில் குமிழி விட்டு நுரை பொங்கும். அழுத்தக் காற்றில் வேலை செய்து அவசரமாக வெளியே வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டும். 1870-களில் அமெரிக்காவில் பாலக் கிணறு தோண்டியவர்கள் இதனால்தான் செத்தார்கள். புரூக்ளின் பாலத்தின் தலைமை இன்ஜினீயர் வாஷிங்டன் ரோப்லிங் 1872-ல் படுத்த படுக்கையானார். இன்று அளவும் நேரமும் வைத்து, அறை அறையாக அழுத்தத்தைக் குறைத்து வெளியே கொண்டுவருகிறார்கள். இருந்தாலும், துளை ரிப்போர்ட்டில் ஒருவன் தப்பாக எழுதிய ஒவ்வொரு மீட்டருக்கும், எங்கேயோ ஒரு தொழிலாளி அந்த அறைக்குள் இன்னொரு முறை குனிந்து போகவேண்டியிருக்கும்.

2020 நவம்பரில் அடிக்கல் நாட்டிய இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று தடம். இந்தமுறை இயந்திரங்களுக்கு அழகான பெயர்கள். மாதவரத்தில் 2022-ல் இறங்கியது 'நீலகிரி', கூடவே 'ஆனைமலை'. (மலையைக் குடைகிற இயந்திரத்துக்கு மலையின் பெயர்! வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.) க்ரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாற்றுக்குக் கீழே போனவை 'காவேரி', 'அடையாறு'. பனகல் பார்க்கிலிருந்து கோடம்பாக்கம் நோக்கிப் போனவை 'மயில்', 'பெலிகன்'. அந்தக் கடைசி இரண்டும் போன வழியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். தி.நகர் முழுக்க ஒரு காலத்தில் நீண்ட ஏரி. 1920-களில் அதை வடித்துத்தான் மனை போட்டார்கள். மேலே ஏரிக் களிமண், கீழே மக்கிய பாறை. ஏரிப் பறவைகளின் பெயரில் ஒன்று சரியாகத்தான் அமைந்துவிட்டது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் மெட்ரோ சைட்டில் பயிற்சிக்குப் போனால் தரையின் நீளவெட்டுப் படம் ஒன்றைக் காட்டுவார்கள். வண்ணம் வண்ணமாக இருக்கும். அதில் துளைகளை ஒரு கோட்டால் இணைத்து 'பாறைத் தலை' என்று போட்டிருக்கும். துளை ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. இரண்டு துளைக்கு நடுவில் பல மீட்டர். அந்தக் கோட்டில் துளை இருக்கும் புள்ளிகளில் மட்டும்தான் யாரோ கல்லைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும், எத்தனை மீட்டர் உள்ளே போய்த் தொட்டார்கள் என்று கேளுங்கள். கோர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துளை போட்ட மேஸ்திரி இன்னும் சைட்டில் இருந்தால், டீ வாங்கிக்கொடுத்து அவரிடம் தனியாகக் கேளுங்கள்.

1979-ல் எடுத்த அந்த உறையில் ஒரு துண்டு, ஒரு முழ நீளம், இன்னும் என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். மலர் வெளியிடும் அன்று அதைக் கொண்டுவருகிறேன். டிபார்ட்மென்ட் மியூசியத்தில் பல்லாவரத்துச் சாம்பிளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் வைத்துக்கொள்ளட்டும். லேபிளில் மட்டும் 'உருண்டைக் கல், 11 மீட்டர்' என்று போடச் சொல்லியிருக்கிறேன்.